இரண்டு மாதத்தில் மூன்று வீடுகள் உடைப்பு: வயதான பெற்றோரை இங்கே தனியாக விட்டுவைக்கலாமா?

கொழுந்துச்சந்தி எழுதியது:

ஹட்டன் நுவரெலியா வீதியை ஒட்டிய ஒரு சிறு நகரத்துக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் முடிந்து தனிவீடுகள் தொடங்கும் இடத்தில் என் பெற்றோர் வசிக்கிறார்கள். ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் வீட்டையே கண்டுபிடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறிய இடம் அது. அப்பா முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் (ஸ்டோரில்) வேலை செய்து, சேமலாப நிதிப் பணத்தில் கட்டிய வீடு. நான் கொழும்பில் வேலை செய்கிறேன். அக்கா திருமணமாகி நாவலப்பிட்டியில் இருக்கிறார்.

எங்கள் பாதையில் சுமார் நாற்பது வீடுகள் இருக்கின்றன. கடந்த இரண்டு மாதங்களில் அவற்றில் மூன்று உடைக்கப்பட்டுள்ளன. முதல் வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வீட்டில் ஒரு கைத்தொலைபேசியும் அரைப் பவுண் தோடும் போயின. மூன்றாவது எங்கள் வீடு. அக்கா மகளின் சடங்குக்காக அப்பாவும் அம்மாவும் இரண்டு இரவுகள் நாவலப்பிட்டியில் தங்கியிருந்த சமயத்தில், குசினிக் கதவின் கொண்டியைப் பெயர்த்து உள்ளே வந்திருக்கிறார்கள். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு, அரிசி வாளிக்குள் முடிந்து வைத்திருந்த பதினோராயிரம் ரூபாய் ஆகியவற்றைக் காணவில்லை. தொலைக்காட்சியைத் தொடவே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புறப்பட்ட அன்று காலையில் சுட்டு, மூடி வைத்திருந்த ரொட்டியில் இரண்டைக் கட்டசம்பலோடு சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி, அம்மா வழக்கமாகக் கவிழ்த்து வைக்கும் பலகையிலேயே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான் வந்தவன்.

அப்பா பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். அவர் தமிழில் சொன்னார், எழுதியவர் சிங்களத்தில் எழுதினார், அப்பா கையெழுத்திட்டார். என்ன எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலோ குற்றம் இரட்டிப்பாகிவிட்டது என்றும், எல்லாம் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கும் பொடியன்களின் வேலை என்றும், வெளியாட்கள் நடமாட்டம் கூடிவிட்டது என்றும் தினமும் வந்துகொண்டே இருக்கிறது. பெற்றோரைக் கொழும்புக்கு அருகே வத்தளையில் ஓர் அனெக்ஸ் வாடகைக்கு எடுத்துக் கூட்டிப்போகலாமா என்று யோசிக்கிறேன். அம்மா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து குசினிக்குப் போய்விடுகிறார். உண்மையிலேயே நிலைமை மோசமாகிவிட்டதா, அல்லது நாங்கள் பயந்துபோய் இருக்கிறோமா என்பதை இந்தப் பக்கத்தை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரயிலடி எழுதியது:

அண்ணா, யோசிக்க ஒன்றும் இல்லை, நிலைமை மோசமாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் கடந்த தீபாவளிக்குக் கோயில் உண்டியலை உடைத்தார்கள். முறைப்பாடு கொடுத்தோம், இன்றுவரை ஒரு பதிலும் இல்லை. பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள், தவணைக்குப் பாத்திரம் விற்கிறவர்கள், கடன் வசூலிக்க வருகிறவர்கள் என்று பகலில் யார் யாரோ பாதையில் ஏறி வருகிறார்கள்; யார் வீட்டில் ஆள் இல்லை என்பதை அவர்கள்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து இரவு பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை தடியோடு சுற்றத் தொடங்கினோம், அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை. அறிமுகமில்லாத ஆள் வந்தால் மறித்து, படம் எடுத்து, குழுவில் போட்டுவிடுங்கள். பொலிஸை நம்பி இருந்தால் அடுத்த தடவை தொலைக்காட்சியும் போகும்.

வெற்றிலைப்பெட்டி எழுதியது:

நான் இருபத்தேழு வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். ரயிலடித் தம்பியின் கோபம் புரிகிறது. ஆனால் அந்தத் தடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

2011 ஆகஸ்டில் கிரீஸ் பூதம் என்ற பீதி நாடு முழுவதும் பரவியதை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடம்பில் கிரீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை மலையகத்துத் தோட்டங்களிலும் தீயாகப் பரவியது. கொழுந்து எடுக்கப் போகவே பெண்கள் பயந்தார்கள், ஆண்கள் கத்தியும் தடியுமாக விழித்திருந்தார்கள், கடைசியில் ஊருக்குப் புதியவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரங்களில் எனக்கு இரவில் தொலைபேசி ஓயாது. பூதத்தைப் பார்த்தவர் என்று எவரிடம் போய்க் கேட்டாலும், பக்கத்துத் தோட்டத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள் என்பார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனால், இங்கேதான் பார்த்தார்களாம் என்பார்கள். மறித்துப் படம் எடுத்துக் குழுவில் போடுவது அதே பாதையின் முதற்படி. அந்தப் படத்தில் இருப்பவன் பாத்திரத் தவணை வாங்க வந்த ஏழையாக இருந்தால், அவனுக்கு நடப்பதற்கு நீங்கள்தான் குற்றவாளி.

இன்னொன்று. 1983 ஜூலையில் நாங்களும் விழித்திருந்தோம். அப்போது எங்களை நோக்கி வந்தவர்கள் உண்மையிலேயே வெளியிலிருந்துதான் வந்தார்கள். மலையகத்தில் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆபத்து பாதையில் ஏறி வருகிறது என்று என் தலைமுறை நினைப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம். ஆனால் சிலிண்டரும் தண்ணீர் மோட்டாரும் போவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. என் வேலைக்காலத்தில் விசாரித்துத் தெரியவந்த வீட்டுத் திருட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவன் அந்த வீட்டின் குசினியில் ஒரு தடவையாவது தேநீர் குடித்தவனாக இருந்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, தம்பி, அதை உங்கள் அம்மாவிடம் தனியாகக் கேட்டீர்களா?

எண்சுவடி எழுதியது:

குற்றம் இரட்டிப்பாகிவிட்டது என்ற கூற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எண்களோடு பழகுவதுதான் என் பிழைப்பு.

குற்ற வீதம் என்பது பொதுவாக ஓர் இலட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடப்படுவது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 711,644. அந்த அளவில், ஏழு சம்பவங்கள் கூடினால்தான் வீதம் ஒன்றால் உயரும். உங்கள் பாதையிலோ நாற்பது வீடுகள்தான். ஒரு வருடம் ஒரு வீடும் மறு வருடம் மூன்று வீடுகளும் உடைக்கப்பட்டால் மும்மடங்கு என்று சொல்லிவிடலாம், கணக்கும் சரியாகவே இருக்கும், ஆனால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரே ஆள் ஒரு மாதம் கையில் காசில்லாமல் இருந்தாலும் மூன்று வீடு உடையும். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் அடுத்த மூன்று வருடம் ஒன்றும் நடக்காது. அந்த மூன்று வருடமும் தடியோடு சுற்றியவர்கள் தங்களால்தான் திருட்டு நின்றது என்று நம்புவார்கள். (ரயிலடி கோபித்துக்கொள்ள வேண்டாம், சில இரவுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்றுதான் சொல்கிறேன்.)

மாவட்டத்துக்கென வெளியாகும் எண்களை வைத்தும் உங்கள் ஊரை அளக்க முடியாது. பொலிஸ் பிரிவுகளின் எல்லையும் நிருவாக மாவட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. ஆகவே பொலிஸ் கணக்கைச் சனத்தொகைக் கணக்கால் வகுக்கிறவர் பெரும்பாலும் பொருந்தாத இரண்டை வகுத்துக்கொண்டிருப்பார். அதைவிட முக்கியமானது, எந்தக் குற்றம் எந்தப் பட்டியலில் விழுகிறது என்பது. பொலிஸ் திணைக்களம் பாரதூரமான குற்றங்கள் என்று ஒரு பட்டியலைத் தனியாகத் தொகுக்கிறது. கொலை, கொள்ளை போன்றவற்றோடு வீடுடைத்துத் திருடுவதும் அதில் ஒரு வகை. சாதாரணத் திருட்டோ ஒரு குறிப்பிட்ட பெறுமதிக்கு மேலே போனால்தான் அதில் ஏறும். கதவின் கொண்டி பெயர்க்கப்பட்டது என்பது முறைப்பாட்டில் எழுதப்படாமல், வீட்டிலிருந்த சிலிண்டரைக் காணவில்லை என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால், உங்கள் வீட்டில் நடந்தது அந்தப் பட்டியலுக்குப் போகாமலே நின்றுவிடலாம். அப்பா கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அதனால்தான் அவசியம்.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் யுக்திய என்ற பெயரில் நாடளாவிய சுற்றிவளைப்பு தொடங்கிய பிறகு போதைப்பொருள் கைதுகளின் எண்ணிக்கை எங்கும் ஏறியது. தேடுகிறவர்கள் கூடினால் பிடிபடுகிறவர்களும் கூடுவார்கள். பாவனை கூடியிருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கைதுகளை எண்ணி அதை நிரூபிக்க முடியாது.

சாளரம் எழுதியது:

நான் ஓர் ஆசிரியை. மேலே எழுதியவர்கள் அனைவரும் சிலிண்டரையும் மோட்டாரையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் வேறொரு குற்றத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

என்னிடம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து ஆறரை மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் பாதையில் கடைசித் தெருவிளக்கு தோட்ட எல்லைக் கல்லுக்கு அருகில் நிற்கிறது. அதற்கு மேலே முந்நூறு மீற்றர் அளவுக்கு ஒன்றும் இல்லை. அந்த இருட்டின் நடுவில்தான் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்கும் வீடு இருக்கிறது. அது ஊருக்கே தெரியும், தெரியாதவர்கள் தெரியாததுபோல் இருக்க வேண்டியவர்கள் மட்டுமே. பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களை நோக்கிச் சொல்லப்படும் வார்த்தைகளையும், இரண்டு தடவை நீண்ட கைகளையும் பற்றி எவரும் முறைப்பாடு கொடுத்ததில்லை. காரணம் எளிது. முறைப்பாடு கொடுத்தால் அந்தப் பிள்ளையின் மாலை வகுப்பைத்தான் வீட்டார் நிறுத்துவார்கள்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் மோசம். என் வகுப்பில் ஒரு பிள்ளை சம்பள நாளுக்கு மறுநாள் பாடசாலைக்கு வருவதில்லை. அம்மாவின் முகம் வீங்கியிருக்கும், தம்பியை அந்தப் பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத் தலைவரிடம் சொன்னால், குடும்பத்துக்குள் நடப்பதை வெளியே கொண்டுபோக வேண்டாம், கூப்பிட்டுப் பேசுகிறேன் என்பார். பேசியும் இருக்கிறார், ஐந்து தடவை. அந்தத் தாய் ஒரு நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் வேலைப் பதிவு, போய்விடும். அந்த நாட்சம்பளத்தை இழந்து, பஸ்ஸுக்கும் செலவழித்து, திரும்பிவந்து அதே காம்பராவில் அதே ஆளோடு இரவைக் கழிக்க வேண்டும். எண்சுவடியின் எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. ஆகவே எங்கள் குடியிருப்பு அமைதியானது என்று அந்தப் பட்டியலைக் காட்டி எவராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

1938 மகளிருக்கான உதவித் தொலைபேசி இலக்கம், 1929 சிறுவர்களுக்கானது. இரண்டையும் வகுப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெளிப்புறத்தில் ஒட்டியதைக் கிழித்துவிட்டார்கள்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

மலையக நீதிமன்றங்களில் பதினான்கு வருடமாகத் தொழில் செய்கிறேன். இரண்டு கேள்விகளுக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம்.

முதலாவது, அப்பாவின் முறைப்பாடு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவர் வாய்மொழியாகத் தகவல் கொடுத்தால், அவர் எந்த மொழியில் சொல்கிறாரோ அந்த மொழியிலேயே அதை எழுதி, அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்யும் உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவராலும் எழுத முடியாது என்றால் மட்டும், அதற்கான காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, வாசித்துக் காட்டவோ அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவோ வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எனக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை; அங்கே இருக்கும் ஒரேயொரு தமிழ் உத்தியோகத்தர் அன்று நீதிமன்றக் கடமையில் இருப்பார், அல்லது விடுமுறையில் இருப்பார். ஆனால் உங்கள் அப்பாவுக்கு எழுதத் தெரியும் என்றால், தமிழில் தானே எழுதிக் கொடுக்கிறேன் என்று அவர் சொல்வது சலுகை கேட்பதாகாது. சட்டம் எதிர்பார்ப்பதே அதுதான்.

இப்போது செய்யக்கூடியது இது. முறைப்பாட்டு இலக்கத்தோடு போய், உரிய கட்டணத்தைச் செலுத்தி, உறுதிப்படுத்தப்பட்ட பிரதி ஒன்றைக் கேளுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். விடுபட்டதோ தவறாக எழுதப்பட்டதோ இருந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம். கொண்டி பெயர்க்கப்பட்ட கதவைச் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால், தச்சரிடம் கொடுத்த காசுக்கு ஒரு துண்டாவது எழுதி வாங்கி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தருவதோடு, விசாரணை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டறியும் உரிமையையும் பாதிக்கப்பட்டவருக்குத் தருகிறது. கேட்பதைத் தொல்லை கொடுப்பதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, டீச்சர் எழுதியது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, அந்தத் தாய் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். முதலில் பதினான்கு நாட்களுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கும். கணவனைச் சிறைக்கு அனுப்பினால் சோற்றுக்கு என்ன செய்வது என்று பயந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் விளக்குவது, இது குடியியல் இயல்புடைய நிவாரணம், கட்டளையை மீறினால்தான் தண்டனை என்பதைத்தான். இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தும், லயன் காம்பரா தோட்டத்தின் கணக்கில் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வி வந்ததும் மீண்டும் தளர்ந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ரயிலடிக்கு ஒரு வரி: திருடன் என்று சந்தேகித்து ஒருவரைக் கட்டிவைத்து அடித்தவர்களுக்காக நான் பிணை கேட்டு நின்றிருக்கிறேன். அந்த வழக்குகளில் திருட்டு வழக்கு எங்கேயோ காணாமல் போய்விடும், அடித்தவன் மட்டும் தவணைக்குத் தவணை வருவான்.

பழையபித்தளை எழுதியது:

இந்த இழையில் எங்களை ஒரு தடவை குற்றம்சாட்டியாகிவிட்டது, ஆகவே நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். நகரத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன்.

2022இல் எரிபொருளும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் இருந்த காலத்துக்குப் பிறகு செம்பு, பித்தளை விலை ஏறியபோது கடைக்கு வந்த சாமான்களின் தன்மையே மாறியது. தண்ணீர் மோட்டாரின் சுருள், கேபிள் உரித்த செம்பு, கோயில் மணியின் நாக்கு என்று வரத் தொடங்கின. கொண்டுவந்தவர்கள் பெரிய கள்வர்கள் அல்லர். கை நடுங்கும், விலை பேச மாட்டார்கள், சொன்னதை வாங்கிக்கொண்டு போவார்கள். விலை பேசாமல் விற்கிறவனிடம் வாங்கக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் எல்லாக் கடையிலும் அப்படி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குத்துவிளக்கின் படம் இருந்தால் நகரத்திலுள்ள கடைகளுக்கு நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள், அடியில் பெயர் வெட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். உருக்குவதற்குக் கொழும்புக்கு ஏற்றும்வரை இரண்டு மூன்று வாரம் மூட்டையில்தான் கிடக்கும்.

ரயிலடி எழுதியது:

எல்லோரும் சேர்ந்து என்னையே திருடனாக்கிவிட்டீர்கள். அடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, விழித்திருக்கச் சொன்னேன். படம் போடுவதைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் குழுவிலும் நிறுத்தச் சொல்கிறேன். ஆனால் டீச்சர் சொன்ன அந்த முந்நூறு மீற்றர் இருட்டில் ஆறரை மணிக்கு நாலு பேர் டோர்ச் லைட்டோடு நின்றால் எந்தச் சட்டமும் தடுக்காது என்று நினைக்கிறேன். சிசிடிவி வைக்கலாம் என்றால் மாதக் கணக்கில் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது, மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அதுவும் குருடாகிவிடும்.

வெற்றிலைப்பெட்டி எழுதியது:

தம்பி சொன்ன டோர்ச் லைட் நல்ல யோசனை. தடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தோடு இணைந்த சிவில் பாதுகாப்புக் குழு உங்கள் பிரிவில் பெயரளவில் இருக்கும். அதன் பெயர்ப்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், இறந்துபோனவர்கள் இரண்டு பேராவது அதில் இன்னும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அதைப் புதுப்பிப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட எளிது. பொறுப்பதிகாரியின் முன்னால் பெயர் கொடுத்தவர்கள் இரவில் நின்றால் எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

விளக்கு ஏன் எல்லைக் கல்லோடு நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபையின் நிதியைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வாக்குப்போட நாங்கள் வேண்டும், பாதைக்கும் விளக்குக்கும் தோட்ட முகாமையாளரான துரையிடம் போக வேண்டும். துரையிடம் போனால் சபையைக் காட்டுவார். நானே ஏழு கடிதங்களைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்து, ஏழுக்கும் அதே பதிலை வாங்கி வந்திருக்கிறேன். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடத்தில் நுவரெலியா மாவட்டத்தின் பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே இப்போது சட்டத்தில் அந்தக் காரணம் இல்லை. பழக்கத்தில் மட்டும் இருக்கிறது. உங்கள் உறுப்பினரிடம் போகும்போது, விளக்கு வேண்டும் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தக் கம்பம், அதன் இலக்கம் என்ன, கடைசி விளக்கிலிருந்து எத்தனை மீற்றர் என்று எழுதி, அந்தப் பாதையில் நடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் டீச்சரிடம் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிட வேண்டும். டீச்சர் எழுதிய அந்தத் தலைவரைப்போல நானும் பல பெண்களை, பேசித் தீர்க்கலாம் அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர்களில் ஒருத்தி பிறகு என்ன ஆனாள் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதத் தோன்றவில்லை.

சாளரம் எழுதியது:

ஐயா, பிள்ளைகளின் கணக்கு இருபத்து மூன்று, அவர்களில் பதினாறு பேர் பெண்பிள்ளைகள். ரயிலடித் தம்பி, நீங்கள் நிற்பதாக இருந்தால் பிள்ளைகளின் தாய்மாருக்கு முதலில் அறிவித்துவிட்டு நில்லுங்கள். இருட்டில் நிற்கும் நாலு ஆண்கள் யார் என்பது தெரியாவிட்டால் அவர்களுக்கு நீங்களும் பயம்தான்.

கொழுந்துச்சந்தி எழுதியது:

தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். போன வெள்ளிக்கிழமை விடுமுறை போட்டு ஊருக்கு வந்தேன்.

பிரதியை எடுத்து, சிங்களப் பாடசாலையில் படித்த நண்பன் ஒருவனிடம் வாசிக்கச் சொன்னேன். எண்சுவடி சொன்னதுபோலவே, கொண்டி பெயர்க்கப்பட்டது அதில் இல்லை. வீட்டில் எவரும் இல்லாத நேரத்தில் சில பொருட்கள் காணாமல் போயிருக்கின்றன என்ற அளவில் மட்டும் இருந்தது. சிலிண்டரை ஐந்து கிலோ என்று எழுதியிருந்தார்கள். குத்துவிளக்கைக் குறிப்பிடவே இல்லை. அப்பா வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாரா என்று நான் கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு வெற்றிலைப்பெட்டி ஐயா சொன்னபடி அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். அம்மா சிரித்தார். அந்தப் பலகை அடுப்புக்குப் பின்னால் மறைவில் இருக்கிறது. முதல் தடவை வருகிறவன் கழுவிய தட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வைப்பான் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. யாரை நினைக்கிறார் என்பதை நான் ஊகிக்கிறேன். பாடசாலைக் காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மூன்று பேர் உண்டு. அவர்களில் எவருடைய பெயரையும் சந்தேகத்தில் எழுத மாட்டேன் என்று அம்மா சொன்னதை இங்கே சொன்னால், ரயிலடித் தம்பி கோபிப்பார், கறுப்புக்கோட்டு ஐயா தலையசைப்பார் என்று நினைக்கிறேன். வத்தளைப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டேன். குசினிக் கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டு, புதுச் சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்திருக்கிறோம். கம்ப இலக்கங்களைக் குறித்தாகிவிட்டது, கடிதம் திங்கட்கிழமை சபைக்குப் போகிறது.

சனிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் நானும் மேலதிக வாக்குமூலம் கொடுக்கப் போனோம். தமிழில் நாங்களே எழுதித் தருகிறோம் என்றோம். ஒரு இளம் உத்தியோகத்தர் வெள்ளைத் தாளைத் தள்ளிவைத்தார், எந்த மறுப்பும் சொல்லவில்லை. அப்பா கொண்டியை எழுதினார், பன்னிரண்டரைக் கிலோவை எழுதினார், குத்துவிளக்கின் உயரத்தையும் அடியிலிருந்த கீறலையும் எழுதினார். எழுதியதை அப்பா வாசித்து முடித்த பிறகு, இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார் அம்மா. சாப்பிட்ட தட்டைக் கழுவி, பலகையில் கவிழ்த்து வைத்திருந்தது என்பதை எழுதச் சொன்னார். அது எதற்கு என்று உத்தியோகத்தர் அரைகுறைத் தமிழில் கேட்டார். நடந்தது அதுதான், எழுதிவிடுங்கள் என்றார் அம்மா. அப்பா எழுதினார்.